பதினெட்டாவது முகம்

பூலோகராஜ் அண்ணாச்சியின் இடது காது இலையில் விழுந்த அன்று எங்கள் ஊர் முத்தலாங்குளத்தில் கோயில் கொடைத் திருவிழா. பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்தது, எங்கள் தெருக் கட்சிப் பிரமுகரான அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார், அதே நேரத்தில் ஊர் முகப்பு வளைவில் ஒடித்துத் திரும்பிய பஸ் ஒன்று அங்கே கட்டியிருந்த பிளக்ஸ் பேனரை உரசிக்கொண்டு போய், அதில் ஒரு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி முகத்தின் இடது காதைக் கிழித்துவிட்டது. காது விழுந்ததில் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பரிமாறிக்கொண்டு வந்தவன் அதைக் கத்தரிக்காய் என்று நினைத்து அதன் மேலேயே ரசத்தை ஊற்றினான். அண்ணாச்சி கழுத்தில் ஏதோ சூடாக இறங்குகிறதே என்று தடவிப் பார்த்து, கை சிவந்திருப்பதைக் கண்டு, முதலில் பரிமாறுகிறவனைத்தான் திட்டினார்.

கம்பவுண்டர் சந்தோசம் ஓடி வந்து காதைக் கழுவி ஒட்டவைத்துத் தைத்தார். விழுந்தது. இன்னொரு தரம் தைத்தார். அதுவும் விழுந்தது. பேனர் கிழிந்ததைச் சொல்ல ஓடிவந்த நான்தான், அங்கே ஒரு காது தொங்குகிறது, இங்கே ஒரு காது நிற்கமாட்டேன் என்கிறது, எதற்கும் அதைத் தைத்துவிட்டு இதைத் தையுங்களேன் என்றேன். ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். சாக்கு தைக்கும் கோணி ஊசியில் பச்சை நூல் கோத்து நானே சாரத்தில் ஏறிப் பேனரைத் தைத்தேன், கீழே அண்ணாச்சியின் காது பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அவர் காதோரம் பச்சையாக ஒரு கோடு ஓடும்.

நான் கொம்பையா. பேனருக்குச் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுகிறவன். அந்தப் பேனரை வடிவமைத்தவன் என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்த ஐகோர்ட்துரை. அவன் குலசாமி பெயர் அது, கோர்ட்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோக்கும் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தவன், பத்து வருசத்தில் ஏழு மாவட்டத்துக்கும் பெயர் தெரிந்த ஆள் ஆகிவிட்டான். ரத்தம் சொட்டுகிற எழுத்தை முதலில் போட்டது அவன். முழங்கால் வரை நெருப்பும் இடுப்புக்கு மேல் நீலப் புகையுமாக ஒரு கூட்டம் நம்மைப் பார்த்து நடந்து வருவதுபோல் போட்டதும் அவன். எவனுடைய தொப்பையையும் கரைப்பான், எவனுடைய மீசையையும் வளர்ப்பான், ரேசன் கடையில் எடை போடுகிறவனைச் சிங்கத்தின் மேல் கைபோட்டு நிற்க வைப்பான். தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பையன்கள் வந்து வாசலில் காத்துக் கிடந்து அவனுடைய பழைய பைல்களைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போய்க் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பேனரின் மூலையில் கட்டெறும்பு அளவுக்கு ‘ஐகோர்ட்’ என்று இருக்கும். அதைத் தேடிப் பார்த்த பிறகுதான் சனங்கள் படத்தையே பார்ப்பார்கள்.

அவன் பேனர்களுக்கு மட்டும்தான் அப்படி நடந்தது. அதுவும் அந்தக் கொடையிலிருந்துதான். ஏன் என்று கேட்டுக் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம், அப்புறம் வேலை வெட்டி இருந்ததால் விட்டுவிட்டோம். பழைய பேனர், புதுப் பேனர் என்ற பேதம் இல்லை. ஐகோர்ட் பேனரில் முகம் கிழிந்தால் ஆளுக்கு முகம் கிழியும், ஆணி அடித்தால் ஆளுக்கு ஓட்டை விழும், அவ்வளவுதான்.

அறிவுள்ள ஊராக இருந்தால் அன்றைக்கே அவன் கடையைப் பூட்டியிருக்கும். எங்கள் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? கடை வாசலில் வரிசை இரண்டு மடங்கு ஆனது. ஐகோர்ட் பேனரில் குத்தினால் ரத்தம் வராதவன் ஒரு ஆளா என்று பேச்சு கிளம்பிவிட்டது. மற்ற கடையில் பேனர் அடித்தவர்கள் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பதை விட்டுவிட்டு, ஐகோர்ட் பேனரில் இருக்கிறாரா, எந்த அளவில் இருக்கிறார் என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பேனரைச் சுருட்டி எடுத்து வந்து, படத்தின் கால் கட்டைவிரலில் குண்டூசியால் குத்தி, தன் கட்டைவிரலில் துளிர்த்த ரத்தத்தைச் சபைக்குக் காட்டினான். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இந்தக் கண்றாவியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. பூலோகராஜ் அண்ணாச்சி முகம் ஆள் உயரம், அதில் ஒரு கல் பட்டால் அண்ணாச்சிக்குச் சவரத்தில் பட்ட வெட்டு மாதிரி ஒரு கீறல். பேனரின் அடியில் கட்டம் கட்டமாகக் கைகூப்பிக்கொண்டு நிற்பார்களே, தீப்பெட்டி அளவு முகங்கள், கீழே இவண் என்று போட்டு வரிசையாகப் பெயர்கள், அவர்களுக்கு அதே கல் பட்டால் தலையே போயிற்று. சைக்கிள் ஹேண்டில் இடித்துச் செத்தான் ஒருவன். ஆடு மேய்வதும் நாய் காலைத் தூக்குவதும் பேனரின் அடியில்தானே! செத்தவன் எல்லாம் அடி வரிசைக்காரன்தான். பெரிய முகங்கள் மேலே சிரித்துக்கொண்டே இருந்தன, பச்சை நூல் ஓடிய ஒரே ஒரு காதைத் தவிர.

எங்கள் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் எப்போதுமே ஆகாது. முன்பெல்லாம் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஆளைத் தேடிப் போக வேண்டும், அவனும் பதிலுக்கு வெட்டுவான். இப்போது ஆள் எங்கேயோ திருப்பூரில் இருப்பான், இங்கே தெருமுனையில் அவன் பேனரில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இரண்டு தெருவுக்கும் பேனர் அடித்துக் கொடுத்தது ஐகோர்ட்துரைதான், அவனுக்கு எல்லாரும் வாடிக்கையாளர். ஆடி மாதத்தில் ஒன்பது பேர் போனார்கள். ஆவணியில் பதினாலு. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் கழுத்து ஜன்னலுக்கு வெளியே விழுந்தது, பால் கறந்துகொண்டிருந்தவன் இரண்டாகப் பிளந்து செம்பு நிறைந்தது, தாலி கட்டக் குனிந்தவன் பெண்ணின் மடியில் தலையை வைத்தான், உடம்பு மட்டும் எழுந்து நின்றது. போலீஸ் வந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பேனரைக் கிழித்தால் என்ன தண்டனையோ அதைத்தான் போட முடிந்தது. சாயங்காலமே ஜாமீனில் வந்து டீ குடித்தார்கள். கொலை செய்வது எங்கள் ஊரில் அவ்வளவு லேசாகப் போனது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கீழத்தெரு பெத்துராஜ், மூட்டை தூக்குகிறவன், டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் என்னை அறைந்தான். எதற்கு என்பது இப்போது எதற்கு? அறைந்தான். நூலகத்துச் சுவரோரம் கீழத்தெருப் பேனர் ஒன்றின் அடியில் அவன் முகம் இருந்தது. மத்தியான வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்த நேரம் பார்த்து, தவிட்டுத் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து அந்த ஒரு கட்டத்தின் மேல் மட்டும் தடவி, ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு போய் அதன் முன்னால் விட்டேன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெத்துராஜ் மூட்டையோடு நின்றபடியே நின்றானாம். மூட்டையை இறக்கிப் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லையாம். அவன் பெண்டாட்டி பேச்சிக்கனி நூலகத்துச் சுவரடியில் வந்து நின்று, வலது பக்கத்து முகத்தையும் இடது பக்கத்து முகத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு. ஆடு ஆளு பாத்தா திங்கும்?” என்று கேட்டாள். ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். நானும்தான்.

ஐகோர்ட்துரையிடம் மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அவன் சிரிக்கவில்லை. பெத்துராஜுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டு ஆள் வந்திருந்தது. பின்னணிக்கு ஒரு மேகம் வேண்டும் என்று நாலு வருசத்துக்கு முந்தைய பைல் ஒன்றைத் திறந்தான். பூலோகராஜ் அண்ணாச்சியின் ஐம்பதாவது பிறந்தநாள் பேனர். மேகத்தை எடுக்கப் போனவன் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

“கொம்பையா, இங்க பாரு.”

பார்த்தேன். அடி வரிசையில் பதினேழாவதாக நான், அவன் கைவண்ணத்தில் வெள்ளைவெளேர் என்று கைகூப்பிக்கொண்டு. பதினெட்டாவதாகக் கறுப்புக் கண்ணாடியும் மீசையுமாக ஒரு இளவட்டம்.

“இது யாருல?”

“எம் மவன்.”

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பதினெட்டுக் கட்டத்துக்குப் பதினேழு போட்டோதான் வந்திருந்தால், கம்ப்யூட்டரில் கிடக்கிற ஏதாவது ஒரு முகத்தை எடுத்து இட்டு நிரப்பி, பெயர் போடாமல் விட்டுவிடுவார்கள். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலிக் கட்டத்தைக் கண்டால் ஐகோர்ட்துரைக்குச் சோறு இறங்காது. அன்றைக்குக் கையில் கிடைத்தது மகன் நவநீதனின் பிளஸ் டூ ஹால்டிக்கெட் போட்டோ. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தெரியக் கூடாது என்று கண்ணாடியும் மீசையும் கும்பிடுகிற கையும் வேறு ஒட்டியிருக்கிறான். பன்னிரண்டு பேனர் அடித்திருந்தான். பையன் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருசம்.

எங்கள் பக்கத்தில் பழைய பிளக்ஸை எவனும் தூக்கிப் போடமாட்டான். வைக்கோல் படப்புக்கு மூடுவான், கூரைக்குப் போடுவான், மிளகாய் காயவைப்பான், குளிக்கிற இடத்துக்கு மறைப்புக் கட்டுவான். அந்தப் பன்னிரண்டையும் தேடி நானும் அவனும் மூன்று மாதம் என் மோட்டார் பைக்கில் அலைந்தோம். நட்புக்காகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்துக் கட்டத்தில் இருந்தது என் மூஞ்சி. மூன்று பேனர் கட்சி ஆபீஸ் பரணில் கிடைத்தன. ஒன்று டிராக்டருக்குப் போர்வையாக இருந்தது, ஒன்றின் மேல் ஒரு கிழவர் நெல் காயவைத்திருந்தார், ஒன்று உப்பளத்துக் கொட்டகையில் தொங்கியது. வைக்கோல் படப்பு ஒன்றின் மேலிருந்து உருவும்போது கயிறு என் கையில் நழுவிப் பதினெட்டாவது கட்டத்தின் ஓரம் அரை விரல் அளவு கிழிந்துவிட்டது. அவன் உடனே போன் போட்டான். மறுமுனையில் பையன் அலறிக்கொண்டிருந்தான். இடது கைச் சுண்டுவிரல் வகுப்பில் பெஞ்சின் மேல் விழுந்து உருண்டதாம். ஐகோர்ட்துரை போனைக் காதில் வைத்தபடியே வைக்கோலில் குத்தவைத்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதினொன்று கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது பேச்சிக்கனி வீட்டு அடுப்படிக் கூரையில் இருந்தது.

நாங்கள் தேடி அலைவது ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கீழத்தெருவுக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்தோம். ஒருவரும் மறிக்கவில்லை, வாசலில் நின்றவர்கள் எல்லாம் வழிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பேனரைக் கூரையிலிருந்து இறக்கி முற்றத்தில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, அடி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அரிவாள் இருந்தது. பேனரை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தாள், முகங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

“வாங்கண்ணாச்சி. இதத்தான தேடுதிய?”

“ஆமா தாயி. குடுத்துரு. என்ன வேணும்னாலும் கேளு” என்றான் ஐகோர்ட்துரை.

“எம் புருசன் வேணும்.”

ஐகோர்ட்துரை அவள் முன்னால் கைகூப்பினான்.

“தர முடியாதுல்லா? அப்பம் நான் சொல்லுதத கேளுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுதேன். மிச்சத்தக் கொண்டு போங்க. மேலத்தெருக்காரன் ஒருத்தன் விழாம என் நெஞ்சு ஆறாது. மூணு மாசமா சோறு எறங்கல அண்ணாச்சி.” அவள் குரலில் கோபம்கூட இல்லை, கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். “நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எல்லாரு பேரும் வாசிச்சேன். எந்தப் பேர வாசிச்சாலும் அவன் பொண்டாட்டி என்ன மாதிரி மண்ணுல பொரளுவாளேன்னு இருக்கு. ஆனா பாருங்க, மூஞ்சி பதினெட்டு இருக்கு, பேரு பதினேழுதான் இருக்கு. இந்தக் கடைசிப் பயலுக்குப் பேர் இல்ல. எடம் நெரப்ப நீங்க எங்கருந்தோ எடுத்துப் போட்டதுதான இது? அழ ஆளில்லாத மூஞ்சி. இவன எடுத்துக்கிடுதேன். யாருக்கும் நட்டமில்ல.”

அரிவாளின் நுனியைக் கறுப்புக் கண்ணாடியின் மேல் கொண்டு வந்தாள்.

“அதுக்கு அழ ஆளிருக்கு” என்றான் ஐகோர்ட்துரை. “எம் மவன் அது. நவநீதன்.”

அரிவாள் நின்றது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“ஒங்க மவனா? ஒங்க கையால நீங்களே கொண்டாந்து இவனுவ வரிசையில நிறுத்துனியளா?”

“ஆமா.”

“எம் புருசன நிறுத்துனதும் நீங்கதான?”

“ஆமா.”

“அப்பம் சரியாத்தான் வந்து விழுந்துருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் அரிவாளை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இவ்வளவு வெட்டு நடந்த ஊரில் என் கண்ணுக்கு மூடுகிற பழக்கம் போயிருந்தது. ஐகோர்ட்துரை மண்டியிட்டு விழுந்து, ஒரு விரலை நீட்டி, பதினேழாவது கட்டத்தின் மேல் வைத்தான். பக்கத்தில் நின்ற என்னை அவன் காட்டவில்லை, படத்தைத்தான் காட்டினான், தொழில் பழக்கம் விடாது.

“ஆட்ட விட்டது இவன். தவிட்டுத் தண்ணி தடவுனதும் இவன்தான். எங்கிட்ட அவன் வாயாலயே சொன்னான்.”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பெற்றவன். அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சீக்கிரமே சொல்லியிருப்பேன்.

பேச்சிக்கனி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் நான் வெள்ளைவெளேர் என்று இருந்தேன், மீசை காது வரை ஏறியிருந்தது, அவளுக்குப் பிடிபடவில்லை.

“இதா நீரு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பி ஓடியும் இருக்கலாம், ஆனால் முகம் அவள் கையில் இருக்கும்போது காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? அதைவிட, ஆடு ஆள் பார்த்துத் தின்னுமா என்று மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

“நாந்தான்” என்றேன்.

“தடவுனது எந்தக் கையி?”

“தடவுனது வலது. ஆட்டப் பிடிச்சது இடது.”

கட்டத்துக்குள் என் கைகள் கும்பிட்டபடி இருந்தன. அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சவர பிளேடு ஒன்றை எடுத்து வந்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்து, இரண்டு மணிக்கட்டுக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்தாள். முகத்தில் நூல் அளவுகூடப் படாமல் இழுத்தாள். என் இரண்டு கைகளும் செருப்புக்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்தன. பிரிந்து விழவில்லை, கும்பிட்டபடியே விழுந்தன. வலி அப்புறம்தான் வந்தது. ரத்தம் முற்றத்தில் ஓடி வாய்க்கால் பிடித்தபோது அவள்தான் தன் சேலையைக் கிழித்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினாள், கட்டும்போது என்னைப் பார்த்து ஓங்கி அழுதாள், அவள் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு கத்தரியை எடுத்துப் பதினெட்டாவது கட்டத்தை மட்டும் கோட்டோடு வெட்டி ஐகோர்ட்துரையிடம் கொடுத்தாள்.

“பேர் எழுதி வையிங்க” என்றாள்.

மிச்சத்தைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அதை அவள் சுருட்டி உள்ளே கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மேலத்தெருவில் வேல்கம்பும் பெட்ரோல் பாட்டிலுமாக ஐம்பது பேர் கிளம்பினார்கள். கிளம்பிய வேகத்திலேயே நின்றார்கள். அவள் வீட்டில் தீ வைத்தால் எரியப்போவது யார் என்று பதினேழு வீட்டுப் பெண்கள் தெருவில் குறுக்கே உட்கார்ந்து கேட்டார்கள். பூலோகராஜ் அண்ணாச்சி பச்சைக் காதைத் தடவிக்கொண்டு, பொறுமைதான் வீரம் என்று மைக்கில் பேசினார், அவள் வீட்டுப் பேனரின் மேலே சிரித்துக்கொண்டிருந்தது அவர் முகம்தானே. அதற்குப் பிறகு கீழத்தெருவுக்குள் ஒரு கல்கூட விழவில்லை. எங்கள் தெருக்காரர்களே வசூல் போட்டு அவள் அடுப்படிக்கு நல்ல தகரக் கூரை அடித்துக் கொடுத்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மேலத்தெருவில் பதினேழு வீட்டில் கஞ்சி காய்ச்சுவார்கள்.

ஐகோர்ட்துரை கடையைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விட்டான். அவனிடம் படித்த பையன்கள் அவன் நெருப்பையும் அவன் நீலப் புகையையும் அவன் ரத்த எழுத்தையும் ஏழு மாவட்டத்திலும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றில் ஊசியால் குத்தினால் ஓட்டைதான் விழுகிறது, ரத்தம் வருவதில்லை. அதில் ரொம்பப் பேருக்கு வருத்தம்.

எனக்குச் சோறு ஊட்டுவது என் பெண்டாட்டி. சாரம் கட்டிய கை இல்லை, கும்பிட்ட கையும் இல்லை. மாதம் ஒருமுறை, மழை காற்று அடித்தால் மறுநாளே, கீழத்தெரு முனை வரை போய் அவள் வீட்டுக்கு எதிரே நிற்கிறேன். அந்தப் பேனரை எலி கடித்திருக்குமோ, கரையான் ஏறியிருக்குமோ என்று தெரிந்துகொள்ளத்தான். என்னைக் கண்டதும் பேச்சிக்கனி உள்ளே போவாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்கும், பிளக்ஸைப் பிரிக்கிற சத்தம் கேட்கும், துணியால் துடைக்கிற சத்தமும் கேட்கும், என் கன்னத்தில் மெதுவாக ஈரம் படும். அப்புறம் வாசலுக்கு வந்து சொல்வாள்:

“நீரு இருக்கேரு. போம்.”